வாசலில் எழுபத்தொன்று

துளசிமணி ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது கதவோரத்து மின்பலகையில் எழுபத்தொன்று என்றிருந்தது. நேற்று பதினான்கு. சட்டம் வந்த இந்த ஆறு வருஷமும் பத்துக்கும் இருபதுக்கும் நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருந்த எண் அது. முந்தானையால் பலகையைத் துடைத்துப் பார்த்தாள். தூசு போயிற்று, எண் போகவில்லை.

பெருந்துறை பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தச் சின்னக் கடையில் கருவிகளின் அளவைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியின் வெப்பமானி காட்டுகிற சூடு நிஜமான சூடுதானா, பேக்கரி அடுப்பின் முள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். கணவர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக துளசிமணி நடத்துகிறாள். அவளையும் சேர்த்து ஐந்து பேர் அந்தக் கடையை நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் கொடுக்கிற எவரும், அது ஆடிட்டரோ, ரத்தம் சோதிக்கிற லேப்காரரோ, வீட்டுக்குப் பிளான் போடுகிறவரோ, தரத்துக்கு உறுதி சொல்லி மருந்தோ பண்டமோ விற்கிறவரோ, தொழில் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். நம் வேலையில் தவறு நேர்ந்து அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் நமக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். நல்ல சட்டம்தான். வந்த புதிதில் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கணிப்பு இயந்திரமும் வந்துவிட்டது. சான்றிதழ்கள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், கரண்ட் மீட்டர்கள், நம்முடைய போன் பேச்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்து, தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண் போடும். இந்த வருஷத்துக்குள் இந்தக் கடை ஒரு வம்பில் மாட்ட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பது அந்த எண்ணின் பொருள். அதை வாசலில் மாட்டியாக வேண்டும். ஊரில் அந்த இயந்திரத்துக்கு ஜோசியர் என்று பெயர். நிஜ ஜோசியராவது தோஷத்தைச் சொன்ன கையோடு பரிகாரமும் சொல்வார். இவர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

எழுபத்தைந்து வந்தால் காப்பு நின்றுவிடும். சான்றிதழில் குத்துகிற முத்திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். எழுபத்தைந்துக்கு இன்னும் நான்குதான் பாக்கி.

பத்து மணிக்குள் மூன்று வாடிக்கையாளர்கள் வாசல் வரை வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். துளசிமணிக்குக் கோபம் வரவில்லை. அவளும் அப்படித்தான் போயிருப்பாள்.

காப்பீட்டு முகவர் சடகோபனை அவரது ஆபீசிலேயே போய்ப் பார்த்தாள். ஈரோட்டுக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. காரணம் தனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றாகிவிடும், அப்புறம் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் ஜோசியர் தன் முதலாளிக்கே காரணம் சொல்வதில்லையாம்.

"நான் சான்று குடுத்ததுல ஏதோ ஒண்ணு தப்பு. அதானுங்களே அர்த்தம்?" என்று கேட்டாள்.

"இருக்கலாம் மேடம்."

"அப்ப நான் வாடிக்கைக்காரங்க அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஒரு தடவை பாத்துக்குங்கன்னு சொல்லிர்றனுங்க."

சடகோபன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "அதை மட்டும் செஞ்சிராதீங்க. பதினேழாவது நிபந்தனை. தப்பு நம்மளுதுன்னு வாயால ஒத்துக்கக் கூடாது. சந்தேகம்னுகூட சொல்லக் கூடாது. மன்னிப்புக் கேட்டா அன்னைக்கே காப்பு முறிஞ்சிரும். ஒருதரம் முறிஞ்சவங்களுக்கு அப்புறம் எந்தக் கம்பெனியும் தராது. வர்ற நஷ்டமெல்லாம் உங்க வீட்டு மேலதான் விழும்."

அவளுக்கு நிபந்தனை புதிதல்ல. ஆறு வருஷமாக வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரே ஒரு சந்து மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். பழைய வேலைகளில் சிலவற்றைக் காப்பிலிருந்து விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். விலக்கினால் எண் எவ்வளவாகும் என்று ஜோசியர் முன்கூட்டியே சொல்வார். விலக்காமலும் விட்டுவிடலாம். சின்னக் கடைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: கல் பொறுக்குகிறது. எந்த வேலையை விலக்கினால் எண் சடாரென்று இறங்குகிறதோ அதில் கல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், இவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது பார் என்று ஜோசியர் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிடுவார். எழுபத்தொன்றில் நிற்கிறவளுக்கு மூன்று கேள்விதான். நாலாவது கேட்டால் கடை பூட்டு.

நடப்பில் இருந்த சான்றிதழ்கள் முந்நூற்று நான்கு.

"முந்நூத்தி நாலு அரிசியில ஒரு கல்லு, மூணு தடவைதான் கை விடலாமுங்களா," என்றார் ஜக்கரியா பாய். கடையின் மூத்த டெக்னீசியன். கணவர் காலத்திலிருந்து இருக்கிறவர். கடையில் ஒரு திருகாணி உருண்டால்கூட எங்கே போய் நின்றது என்று அவருக்குத் தெரியும். அவரே காகிதத்தை எடுத்துக் கோடு போட்டார். தேதி வரிசையில் பாதி பாதியாகப் பிரிக்கலாம், எந்தப் பாதியை விலக்கினால் எண் இறங்குகிறதோ அதை வைத்துக்கொண்டு மறுபடி பாதியாக்கலாம். மூன்று கேள்வியில் முப்பத்தெட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார்.

முதல் பாதியைக் கேட்டார்கள். அதை விலக்கினாலும் எழுபத்தொன்றுதான் என்று பதில் வந்தது. அப்படியானால் கல் இரண்டாவது பாதியில். பலகை எழுபத்திரண்டானது. அடுத்த கேள்விக்குப் பாய்தான் பொத்தானை அழுத்தினார். எழுபத்து மூன்று. மூன்றாவதுக்கு இருவரும் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்து நான்கு. கடைசியில் கையில் மிஞ்சியது அக்டோபர் மாதத்து முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள். அவற்றை விலக்கினால் எண் பதினைந்து என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

விலக்கிவிட்டால் தீர்ந்தது. ஒரு பொத்தான். காலையில் பலகையில் பதினைந்து வரும், வாடிக்கைக்காரர்கள் வருவார்கள், அந்த முப்பத்தெட்டில் எது எப்போது வெடித்தாலும் அது அப்போதைய பாடு. பக்கத்துத் தெரு ஆடிட்டர் அப்படித்தான் செய்தார், இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். துளசிமணி பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பட்டியலில் நாலு ஆஸ்பத்திரிகளின் பெயர் இருந்தது. தன் தப்பு எங்கேயோ ஓர் அறையில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளை எழவும் விடவில்லை, அழுத்தவும் விடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷட்டரை இறக்கினாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு மாஸ்டரை வெளியே எடுத்தாள். எந்தக் கருவியைச் சரிபார்ப்பதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாய்க் கருவி வேண்டும், அதைத்தான் மாஸ்டர் என்பார்கள். பென்சில் மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் சூட்டை உணர்கிற முனை. அதைச் சூடான இடத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியான அளவைச் சொல்லும். அது சொன்னதுதான் வேதம். மற்றவை எல்லாம் அதற்கேற்ப மாற்றி அமைக்கப்படும். பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெல்வெட் மடிப்பில் மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து மோந்து பார்த்தாள். சந்தனம்.



அக்டோபரில் ஆயுத பூஜை. வருஷா வருஷம் எல்லாக் கருவிகளையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவது வழக்கம். பழைய மாஸ்டருக்கு மரக்கைப்பிடி இருந்தது, பொட்டு அதன் மேல் இருக்கும். இந்த வருஷம் வந்த புது மாஸ்டருக்குக் கைப்பிடியே கிடையாது, கம்பி மாதிரி இருந்தது. எங்கே வைப்பது என்று யோசித்து, புதுசுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்போம் என்று, நுனியில் வழித்து வைத்தவள் துளசிமணிதான்.

"பாய், பூசைக்கு அடுத்த நாள் மாஸ்டரை நீங்கதானே துடைப்பீங்க?"

"எப்பவும் நாந்தானுங்க அம்மிணி. இந்த வருசம் மவ நிக்காஹ்க்கு லீவு போட்டிருந்தனில்லீங்க. மூணு நாள் கழிச்சு வந்துதான் துடைச்சேன்." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. "நுனியில சந்தனம் இருந்துச்சு. சாமி விசயமாச்சே, நாம எதுக்குப் பெரிசு பண்ணோணும்னு ஒண்ணும் சொல்லாம வுட்டுட்டனுங்க."

காய்ந்த சந்தனம் போர்த்திய முனைக்குச் சூடு உறைக்கவே கால் மணி நேரம் ஆகும். அந்த மூன்று நாளும் வழக்கம்போல் ஐந்தாவது நிமிடத்தில் அளவைக் குறித்திருக்கிறார்கள். நிஜத்தில் முப்பத்தெட்டு டிகிரி இருக்கிற இடத்தை மாஸ்டர் முப்பத்தாறரை என்று சொல்லியிருக்கும். அதை நம்பி வாடிக்கைக்காரரின் கருவியையும் அதே பொய்யைச் சொல்லும்படி திருகி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் பொய் தலைகீழாக இருக்கும், உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியிருக்கும்.

அந்த மூன்று நாளில் கொடுத்தவை ஒன்பது. முதல் சான்றிதழ் சென்னிமலை ரோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர். கடைசிச் சான்றிதழைப் பார்த்ததும் துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். விஜயமங்கலத்தில் தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்க் கிடங்கு. உரிமையாளர் அர்த்தநாரி. அவளுடைய ஒரே மகள் மதுமிதாவின் மாமனார்.

சொன்னால் கடை போயிற்று, வீடு போயிற்று. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று யாருக்கும் தெரியாது, அந்த ஒன்பது அறைகளில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பாய் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் லூர்துமேரியைத் தனியாகக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சொன்ன வேகத்தில் பதினேழாவது நிபந்தனையின் நாலு பிரிவுகளும் ஒன்றாகவே முறிந்திருக்கும். அந்த வார்மர் எப்போதாவது எடுக்கிற உபரிக் கருவியாம். பன்னிரண்டு நாளாகத்தான் ஓடுகிறது. உள்ளே குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை. பதினொரு நாளாக விடாத காய்ச்சல், என்ன கிருமி என்று தெரியாமல் ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் கொண்டுபோன மாஸ்டரைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார். வார்மர் முப்பத்தாறரை என்றது. மாஸ்டர் முப்பத்தெட்டைத் தாண்டிப் போய் நின்றது.

லூர்துமேரி குழந்தையை அள்ளித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று துளசிமணி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. வாடிப்போன வெற்றிலை மாதிரி இருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. நல்லவேளை இவள் பிழைத்தாள் என்ற நினைப்பும், பதினொரு நாள் என்னால் வெந்தாள் என்ற நினைப்பும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின.

அரை மணி நேரத்தில் குழந்தையின் உடம்பு குளிர ஆரம்பித்தது. நர்ஸ் நடந்ததைக் குறிப்பில் ஏற்றினாள். ஏற்றிய மறு நிமிடம் துளசிமணியின் போன் அதிர்ந்தது. காப்பு ரத்து.

"எங்களுக்கு இன்னைக்கு நல்ல நாளுன்னு காலையிலேயே நெனச்சேன்," என்றாள் லூர்துமேரி, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "பத்து நாளா அறுபத்தாறுலயே நின்னுச்சு எங்க நம்பர். ஏன்னு தெரியாம டாக்டர் தலைய பிச்சுக்கிட்டாரு. இன்னைக்கு ஆறு மணிக்குப் பாத்தா ஒன்பது."

"ஆறு மணிக்கா?"

"ஆமா. ஏன்?"

ஆறு மணிக்கு துளசிமணி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சந்தனப் பொருக்கை அவள் பார்த்தது எட்டரைக்கு.

வாசலுக்கு வந்து சடகோபனைக் கூப்பிட்டாள். காப்பு முறிந்த செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. ஆறு மணிக் கதையைச் சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டாள். மறுமுனையில் கண்ணாடி துடைக்கிற சத்தம்கூடக் கேட்பதுபோலிருந்தது.

"இனிமே நீங்க எங்க வாடிக்கையாளர் இல்ல, அதனால சொல்றேன். ஆஸ்பத்திரிக்கும் எங்க கம்பெனிதான் காப்பு. குழந்தைக்கு ஏதாவது ஆனா அவங்களுக்கும் தரணும், உங்களுக்காகவும் தரணும். நீங்களா போய்ச் சொல்லிட்டா உங்க காப்பு முறிஞ்சிரும். ரெண்டு பக்கமும் தர வேண்டாம். உங்க எண்ணை ஏத்தினா நீங்க தேடுவீங்க. தேடினா கண்டுபிடிப்பீங்க. கண்டுபிடிச்சா சும்மா இருக்க மாட்டீங்க. ஜோசியருக்கு யாரும் இதைக் கத்துக் குடுக்கல மேடம். அதுவா கத்துக்கிச்சு."

"அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தும் கொழந்தைய சூட்டுல வெச்சிருந்துச்சுங்களா?"

"தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்ல முடியாது. கணக்கு அப்படி வந்திருக்கு."

"நான் வேற மாதிரி ஆளா இருந்திருந்தா?"

"எண் ஏறியிருக்காது," என்றார் சடகோபன். "கிருமின்னு எழுதி முடிச்சிருப்பாங்க."

துளசிமணி போனை வைத்தாள். கடை போனதுகூட அப்போது அவ்வளவாகத் தைக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று தான் தவித்த தவிப்பு முழுவதும் ஏற்கெனவே யாரோ எழுதி முடித்த கணக்கின் கடைசி வரி என்பதுதான் அவமானமாக இருந்தது. நல்லவள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதையே மூக்கணாங்கயிறாகப் போட்டு இழுத்திருக்கிறது.

"மீதி எட்டு இருக்குதுங்களே," என்றார் பாய்.

போனார்கள். இனி யாரும் தடுக்க முடியாது, முறிவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு பேக்கரி, இரண்டு லேப், ஒரு மருந்துக்கடையின் பிரிட்ஜ், பால் குளிரூட்டும் இடம், ஊசி கத்திகளைக் கொதிக்க வைக்கிற கருவி வைத்திருந்த இரண்டு சின்ன கிளினிக்குகள். சில இடங்களில் திட்டு வாங்கினாள். ஒரு லேப்காரர் கேஸ் போடுவேன் என்று அவள் எதிரிலேயே வக்கீலைக் கூப்பிட்டார். பேக்கரிக்காரர் மட்டும், அதானே ரெண்டு மாசமா பன் தீயுது என்று சிரித்துவிட்டு டீ கொடுத்தார். எல்லா இடத்திலும் அவள் முதலில் பார்த்தது வாசல் பலகையை. ஏழு இடத்திலும் அன்று காலை ஆறு மணிக்கு எண் இறங்கியிருந்தது. அவள் வருவாள் என்று ஏழு வாசலும் காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பலகையும் யாரோ முதுகில் தட்டி, கெட்டிக்காரி, சரியாக வந்துவிட்டாயே என்பதுபோல் எரிச்சலூட்டியது.

நாலு மணிக்கு மதுமிதாவிடமிருந்து போன் வந்தது. கடைக்குக் காப்பு முறிந்த விஷயம் காப்பீட்டுத் தளத்தில் வந்துவிட்டதாம். வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். துளசிமணி எதையும் மறைக்கவில்லை, கிடங்கைப் பற்றியும் சொன்னாள்.

மகள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இங்க மட்டும் வராதீங்க. அந்தக் குடோன்தான் மாமாவுக்கு உசுரு. உங்க கடையிலதான் சான்று வாங்கோணும்னு சொந்தத்துக்காகக் குடுத்தாரு. இப்ப நீங்களே வந்து தப்புன்னு சொன்னா நான் இந்த வீட்டுல எப்படிம்மா தலை நிமிந்து இருப்பேன்? வேற யார் மூலமாவது தெரியட்டும். எப்படியும் தெரிஞ்சிரும்."

தெரிந்துவிடுமா? துளசிமணிக்கு அதுதான் தெரியவில்லை. அந்தக் கிடங்கில் கருவி மூன்று டிகிரி என்று காட்டுகிறபோது உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். ஓரத்து அலமாரியில் மருந்து உறைந்து, வெளியே எடுத்ததும் கரைந்துவிடும். சில மருந்துகள் ஒருமுறை உறைந்தால் அதோடு செத்தன. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. ஊசி போடுவார்கள், குழந்தை அழும், தாய் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப் போவாள். ஊசி போட்டும் ஏன் நோய் வந்தது என்று அடுத்த வருஷம் யாராவது கேட்டால், அந்த உடம்பு வாகு என்று எழுதி முடிப்பார்கள்.

மகளிடம் சரி கண்ணு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அது எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியாது.

விஜயமங்கலம் பிரிவில் பாய் வண்டியை நிறுத்தினார். இடது பக்கம் திரும்பினால் கிடங்கு. நேரே போனால் வீடு. துளசிமணி களைத்திருந்தாள். காலையிலிருந்து எட்டு இடத்தில் தலை குனிந்தாயிற்று, கழுத்துக்கும் ஒரு அளவு உண்டு. இந்த ஒன்றை விட்டுவிட்டால் உலகம் முழுகிவிடாது என்று நிஜமாகவே நினைத்தாள். கடையைக் கொடுத்தாயிற்று, வீட்டைக் கொடுக்கப்போகிறோம், மகளின் வாழ்க்கையையுமா கொடுக்க வேண்டும்? எந்தத் தாயிடம் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

"சும்மா வாசலை மட்டும் பாத்துட்டுப் போயிரலாமுங்க பாய்," என்றாள்.

கிடங்கு வாசலில் ஆள் நடமாட்டமில்லை. வேப்பமர நிழல் பலகையில் விழுந்திருந்தது. வண்டியிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்தாள்.

அறுபத்து மூன்று.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். பலகையின் ஓரத்தில் முந்தைய நாட்களின் எண்கள் சின்னதாக ஓடும். அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. இரண்டு மாதமாக அப்படியேதான். இன்று காலை ஆறு மணிக்கும் இங்கே மட்டும் அசையவில்லை.

ஜோசியர் தப்பு செய்யவில்லை. எட்டு வாசலுக்கு வருவாள், இங்கே வரமாட்டாள் என்று கணித்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் தலை குனிவாள், சம்பந்தியிடம் குனிய மாட்டாள். மதுமிதா கூப்பிடுவாள், இவள் சரி கண்ணு என்பாள், பிரிவில் நேரே போய்விடுவாள். எல்லாம் காலையிலேயே போட்டு முடித்த கணக்கு. துளசிமணி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் முதல் தடவையாக, இது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது. அது சந்தோஷமாக இல்லை. மகளின் முகம் கண்முன் நின்றது.

செருப்பை வாசலிலேயே விட்டாள்.

உள்ளே சின்ன ஆபீஸ் அறையில் அர்த்தநாரி மேஜை நிறையக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து நாலு நாள் இருக்கும். காகிதத்தில் பாதி பாதியாகக் கோடுகள். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார், கண்ணில் எந்தக் கோபமும் இல்லை.

"வாங்க சம்பந்தி. மதுமிதா சொல்லுச்சு உங்க கடை விசயம். எனக்கு மனசே சரியில்லீங்க." நாற்காலியிலிருந்த காகிதக் கட்டை எடுத்துத் தரையில் வைத்து அவளை உட்காரச் சொன்னார். "என் நெலமையும் அதேதானுங்க. ரெண்டு மாசமாக் கல்லு எங்கேன்னு காகிதத்துல போட்டுப் பாக்கறேன், ஒண்ணும் அம்புடல. கேட்டா நம்பர் ஏறுமேன்னு ஒரு கேள்விகூட இன்னும் கேக்கலீங்க. இன்னைக்கு எதைக் கேக்கறதுன்னுதான் உக்காந்துட்டு இருக்கறேன்."

துளசிமணி உட்காரவில்லை.

"கேக்காதீங்க அண்ணா," என்றாள். "கல்லு நாந்தானுங்க."